சீனக்குடாவின் தாங்கிகளும் தடங்களும்

முதலாம் நாள் – கல்லோயாச் சந்தி

கொழும்புக் கோட்டையிலிருந்து முன்னிரவில் புறப்பட்ட தபால் ரயில் கல்லோயாச் சந்தியில் நின்றபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. கிழக்கு நோக்கிய பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலைக்கும், மற்றது மின்னேரியா, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் போகிறது. சிறுவயதில் அம்மாவோடு இந்த வழியே எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தச் சந்தி எனக்குத் தேநீரும் வடையும் கிடைக்கும் இடமாக மட்டுமே இருந்தது. இம்முறை யன்னலருகே அமர்ந்து, மட்டக்களப்புப் பக்கமாக இருளுக்குள் வளைந்து போகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 ஒக்டோபரில், கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றிச் சென்ற ரயில் ஒன்று அந்தப் பாதையில் மின்னேரியாவுக்கு அருகே யானைக் கூட்டமொன்றின் மீது மோதியது. இரண்டு யானைகள் இறந்தன, எரிபொருள் வண்டிகள் தடம்புரண்டன. எண்ணெயையும் காட்டுவிலங்கையும் சேர்த்துப் பேசும்போது நாம் எண்ணெய்க் கிணற்றையே முதலில் நினைக்கிறோம். இலங்கையிலோ வணிக அளவில் எண்ணெய் தரும் கிணறு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் இங்கே எண்ணெயும் யானையும் மோதிக்கொண்டன, அதுவும் யானைகள் தலைமுறை தலைமுறையாகக் கடந்து வந்த ஒரு தடத்தில். இந்தப் பயணம் முழுவதும் என் மனத்தில் நிற்கப்போவது அந்த இடம்தான் என்று அப்போதே தோன்றியது.

நான் கொழும்பில் ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். அம்மாவின் ஊர் திருகோணமலை. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், வேலைகள் முழு வேகத்தில் தொடங்குவதற்கு முன்பாக பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவையும் அதை ஒட்டிய நிலத்தையும் கடலையும் ஒருமுறை ஆறுதலாக நடந்து பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. காலையில் நிலையத்துக்கு வந்திருந்த மாமா என் பையை வாங்கிக்கொண்டு, "சீனக்குடாவைப் பார்க்க வேணுமெண்டால் நாளைக்கு விடியவே வெளிக்கிட வேணும் பிள்ளை, பிறகு வெயில் தாங்காது" என்றார். உப்புவெளியிலுள்ள அவருடைய வீட்டில் மாமி பால்சொதியும் இடியப்பமும் வைத்துக் காத்திருந்தார். இன்று வேறெதுவும் செய்யவில்லை.

இரண்டாம் நாள் – சீனக்குடா

மாமாவின் நெடுநாள் நண்பர் ஒருவர் கிண்ணியாவிலிருந்து ஆறு மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மாமா அவரை நானா என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் பற்றை வெட்டும் கூலிக் குழுவோடு, சீனக்குடாவின் எண்ணெய்க் குதத்தில், அதாவது எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் வளாகத்தில், மேற்குதம் எனப்படும் மேற்பகுதிக்குள் பலமுறை போய்வந்தவர், பின்னர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு மேய்த்தவர். குதத்துக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆகையால் நாங்கள் வேலிக்கு வெளியே, கண்டி வீதியை ஒட்டியும் கிண்ணியா வீதியை ஒட்டியும், ஓட்டோவிலும் கால்நடையாகவும் சுற்றினோம். உள்ளே இருப்பதைப் பற்றி நானா சொல்லச் சொல்ல, மாமா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தார்.

இந்த எண்ணெய்க் குதத்தைப் பிரித்தானியர் தம் கடற்படைக்கு எரிபொருள் சேர்த்து வைப்பதற்காக, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் கட்டினர். ஏறத்தாழ 850 ஏக்கர் நிலத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்க இரும்புத் தாங்கிகள். இன்று கணக்கில் உள்ளவை 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது தாங்கி ஒன்று எரிந்து அழிந்தது. அடிபட்ட தன் விமானத்தை விமானியே அதன்மீது கொண்டுபோய் மோதினார் என்று இங்கே தலைமுறையாகச் சொல்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டியுள்ள கீழ்க்குதத்தை, இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி நிறுவனம் 2003 முதல் பயன்படுத்திவருகிறது. வீதிக்கு மேலே காட்டுக்குள் கிடக்கும் மேற்குதமோ பல பத்தாண்டுகளாக எண்ணெய் காணாமல் இருந்தது. 2022 ஜனவரியில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடம் தொடர்ந்து இருக்கும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குரியவை, எஞ்சிய 61ஐயும் இரண்டும் சேர்ந்து அமைத்த நிறுவனம் மேம்படுத்தும். அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தின் பங்கு.

இந்த எண்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தவை. அந்தத் தாங்கிகளுக்கு இடையே என்ன வளர்ந்து நிற்கிறது என்பதைத்தான் நான் எங்கும் போதிய அளவு படித்ததில்லை. காவலும் வேலியும் போர்க்காலத்து அச்சமும் சேர்ந்து மனிதரைத் தள்ளி வைத்த அந்த நிலத்தில் காடு தானாகத் திரும்பி வந்திருக்கிறது. பாலையும் வீரையும் தாங்கியின் விளிம்புக்கு மேலே எழுந்து நிற்கின்றன என்றும், சில தாங்கிகளை அருகில் போய்த் தட்டிப் பார்த்தாலொழிய அடையாளம் காண முடியாத அளவுக்குக் கொடி மூடியிருந்தது என்றும் நானா சொன்னார். இதை எவரும் சரணாலயம் என்று திட்டமிட்டு வளர்க்கவில்லை. திருகோணமலையின் பின்னிலக் காட்டில் 1963இல் நேவல் ஹெட்வர்க்ஸ் என்ற பெயரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் யானை வர்த்தமானியைப் பார்த்து நடப்பதில்லை. இலங்கையில் யானைகளின் பெரும்பங்கு பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியேயும் நடமாடுகிறது. அவற்றுக்கு வேண்டியது வருடத்தின் எந்த மாதத்தில் எங்கே தண்ணீர், எங்கே புல், அங்கே போக எந்த வழி என்பது மட்டுமே.

அந்த வழிகளை நானா ஒவ்வொன்றாகச் சொன்னார். கோடையில் குளங்கள் வற்றும்போது கந்தளாய்ப் பக்கத்துக் காட்டிலிருந்து வரும் கூட்டம் ஒன்று. மாரியில் புதுப்புல்லுக்காகத் தம்பலகாமத்து வயலோரமாக வரும் கூட்டம் இன்னொன்று. இவை இரண்டையும் சேராமல் தனியே திரியும் ஆண் யானைகளான அலியன்கள் வேறு. "பகலில அதுகள் தாங்கிகளுக்குப் பின்னால நிழலில நிக்கும், இருட்டினாப் பிறகுதான் றோட்டைக் கடக்கும்" என்று அவர் கைகாட்டிய இடத்தில், வேலியின் இரும்புத் தூண் ஒன்று அடியோடு சாய்ந்திருந்தது. மாமா அந்த இடத்தைத் தாளில் புள்ளியிட்டுக் குறித்தார்.

அந்த நேரத்தில் எரிபொருள் ஏற்றும் பவுசர் லொறிகள் மூன்று வரிசையாக எங்களைக் கடந்து போயின. எண்ணெய்க் குதம் என்றால் தாங்கிகள் மட்டுமல்ல. கப்பலிலிருந்து தாங்கிக்கு வரும் குழாய், தாங்கியைச் சுற்றிய மண் அணை, இரவு முழுவதும் எரியும் விளக்கு, பவுசர் திரும்புவதற்கான அகன்ற வீதி, காவலர் குடியிருப்பு, குடியிருப்பின் குப்பை, குப்பையைத் தேடி வரும் யானை என அது நீண்டுகொண்டே போகும். தாங்கி உடைந்தால் அதிலுள்ள எண்ணெய் முழுவதையும், அதற்கு மேலும் பத்து வீதத்தையும் கொள்ளத்தக்க அணை சுற்றிலும் வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறை. அந்த அணைகளைப் புதிதாகக் கட்டினால், தாங்கிகளுக்கு இடையே இன்று யானை நடக்கும் இடைவெளிகள் மூடிவிடும். பாதுகாப்புக்காகவே செய்யும் வேலை வழியை அடைத்துவிடக்கூடும் என்பதை இங்கே நின்று பார்க்கும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மாமா நெடுநேரம் பேசாமல் வரைந்துகொண்டிருந்தார். திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, 2022இல இந்த ஊரில மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளமெல்லாம் கரையில கிடந்தது. உன்ர மாமி விறகடுப்பு மூட்டினவ. இவ்வளவு தாங்கியையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு நாங்கள் வரிசையில நிண்டனாங்கள். யானைக்காகத் தாங்கியைத் தொடவே கூடாதெண்டு நீ எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

அவர் சொல்வது சரி. அந்த ஆண்டில் கொழும்பில் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன், வரிசையிலேயே மயங்கி விழுந்து இறந்தவர்களின் செய்தியைப் படித்திருக்கிறேன். அந்நிய நாணயம் வற்றியபோது எண்ணெய் வாங்கக் காசில்லை என்பதே அன்றைய முதற்காரணம் என்றாலும், சேமித்து வைக்க இடமுள்ள நாடு விலை குறைந்த காலத்தில் வாங்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதை மறுக்க முடியாது. ஆகையால் தாங்கிகளைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 99ஐயும் ஒரே மூச்சில் பற்றை வெட்டித் துப்புரவாக்கிவிட்டு, பிறகு விலங்குகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் ஒழுங்கைத்தான் நான் ஏற்கவில்லை. எந்தத் தாங்கிகளுக்கு இடையே தடம் போகிறதோ அவற்றை முதலில் வரைபடத்தில் குறித்து, அவற்றைக் கடைசிக்கு வைக்கலாம், சிலவற்றை அப்படியே விட்டுவிடவும் செய்யலாம். குழாயைத் தடம் குறுக்கிடும் இடத்தில் நிலத்துக்குக் கீழே இறக்கலாம். பவுசர்களை இருட்டுமுன் நிறுத்தலாம். வேலை தொடங்குமுன் செய்தால் இவை பென்சிற்கோடுகள்தான். தொடங்கிய பின் செய்யப் போனால் ஒவ்வொன்றும் கோடி ரூபாய் வழக்காகிவிடும்.

மூன்றாம் நாள் – உப்புவெளி

மாமாவுக்கு முழங்கால் வலி. வெளியே கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்ததால் நானும் வீட்டிலேயே இருந்து, இதே கேள்வியை எதிர்கொண்ட வேறு இரண்டு நாடுகளைப் பற்றிக் கொண்டுவந்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன்.

உகண்டாவின் மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சித் தேசியப் பூங்காவுக்குள் டோட்டல் எனர்ஜிஸ் நிறுவனத்தின் திலெங்கா திட்டம் நடக்கிறது. 400க்கும் மேற்பட்ட கிணறுகள், அவற்றைத் தாங்கும் கிணற்றுத் தளங்களில் பத்து பூங்காவுக்குள்ளேயே. நைல் நதியைக் கடக்கும் குழாயை ஆற்றின் படுகைக்கு அடியில் துளையிட்டுக் கொண்டு போகிறார்கள். அங்கிருந்து மசகெண்ணெய் 1,443 கிலோமீற்றர் நீளமான சூடேற்றிய குழாய் வழியாகத் தன்சானியாவின் தங்கா துறைமுகத்துக்குப் போக வேண்டும். பூங்காவின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் தளங்கள் பிடிக்கும் நிலம் மிகச் சிறியது என்பது நிறுவனத்தின் வாதம். பரப்பைக் கணக்கிட்டால் அது உண்மையே. ஆனால் தளத்துக்குத் தார் வீதி வேண்டும், வீதியில் நாள் முழுவதும் பாரவண்டி ஓட வேண்டும், துளையிடும் கோபுரம் இரவிலும் ஒளியும் ஒலியும் எழுப்ப வேண்டும். யானைகள் பூங்காவை விட்டுத் தோட்டங்களுக்குள் இறங்குகின்றன என்று சுற்றியுள்ள கிராமத்தவர் முறையிடுகின்றனர். ஏக்கர் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் யானையின் காது ஏக்கரில் கேட்பதில்லை.

எக்குவடோரின் கதை வேறு. யசுனி தேசியப் பூங்காவின் கீழே கிடந்த எண்ணெயை எடுக்காமல் விடுவதற்கு ஈடாக உலக நாடுகள் 3.6 பில்லியன் டொலர் தரவேண்டும் என்று அந்நாடு 2007இல் கேட்டது. பணம் சேரவில்லை. 2013இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள், 2016இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 வீதமானோர் எண்ணெயை நிலத்திலேயே விட்டுவிடச் சொல்லி வாக்களித்தனர். அந்த வாக்கை நினைத்தால் எனக்கு மரியாதை எழுகிறது. ஆனால் கிணறு தோண்டி, குழாய் போட்டு, நாளொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்த பிறகு வந்த தீர்ப்பு அது. ஓராண்டுக்குள் மூட வேண்டிய கிணறுகளை மூடி முடிக்க 2029 வரை செல்லும் என்று அரசாங்கம் சொல்கிறது. மக்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியும், பேசும் முறை அவர்களுக்கு வந்த நேரம் பிந்திவிட்டது.

மாமி வந்து, "இருட்டில வாசிச்சுக் கண்ணைக் கெடுக்காதை" என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். மாமாவின் நாட்காட்டித் தாளை எடுத்து, நேற்றைய புள்ளிகளை மையால் அழுத்தி வரைந்தேன்.

நான்காம் நாள் – நிலாவெளி, புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், பெரியதும் சிறியதுமாக இரண்டு கற்குவியல்களாகத் தெரிகிறது. படகோட்டி இளைஞர் அதைப் புறாமலை என்றே சொன்னார். பாறை இடுக்குகளில் கூடுகட்டும் புறாக்களால் வந்த பெயர். ஒருகாலத்தில் பிரித்தானியக் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்துச் சுட்ட தீவு இது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கரையோர அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, அந்தத் தம்பியின் படகில் புறப்பட்டேன்.

நீருக்குள் முகத்தை வைத்தவுடன் காதில் விழுவது ஒரு நொறுங்கும் ஓசை. கிளிமீன்கள் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, கொறிக்கும் ஓசை அது. கிளை கிளையாகப் பிரிந்த முருகைகளுக்கு மேலே, துடுப்பின் நுனி மட்டும் மை தொட்டது போலக் கறுத்த சிறிய சுறாக்கள் இரண்டு, என்னைப் பொருட்படுத்தாமல் வட்டமிட்டன. ஓர் அழுங்காமை மூச்செடுக்க மேலே வந்தது. அதன் மூக்கு நீர்மட்டத்தைத் தொட்ட அந்தக் கணத்தில்தான், எண்ணெய் இந்த உயிர்களை எங்கே பிடிக்கும் என்பது எனக்கு உடம்பால் விளங்கியது. எண்ணெய் மிதக்கும். ஆமை மூச்சுவிடுவது மிதக்கும் மட்டத்தில். முட்டையிலிருந்து வந்த குஞ்சு இரை தேடுவதும், முருகை விட்ட முட்டைகள் மிதந்து திரிவதும் அதே மட்டத்தில்தான். கடலின் ஆயிரக்கணக்கான அடி ஆழம் முழுவதும் சுத்தமாக இருந்தாலும், மேலே ஒரு விரற்கடைப் படலம் போதும்.

தீவின் சிறு மணற்பரப்பில் அமர்ந்திருந்தபோது, 2020 செப்ரெம்பரை நினைவிருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது என்றார். அந்த மாதம் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு 270,000 தொன் மசகெண்ணெயோடு போய்க்கொண்டிருந்த நியூ டயமண்ட் கப்பல், சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் நாட்கணக்கில் தண்ணீர் பீய்ச்சின. மசகெண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவவில்லை. கப்பலின் சொந்த எரிபொருள் மட்டுமே கசிந்து கடலில் படலமானது. "எங்கட அப்பா அந்த நாட்களில ராத்திரி நித்திரை கொள்ளேல்லை, ரீச்சர். வாடை தொடங்கிறதுக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்குதெண்டு எண்ணிக்கொண்டே இருந்தவர்" என்றார் தம்பி.

அந்த முதியவரின் கவலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும். அந்த மாதங்களில் புல்மோட்டைக்கு அப்பால் கொட்டுவது நிலாவெளிக்கு வரும், நிலாவெளிக்கு அப்பால் கொட்டுவது கொட்டியாரக் குடாவை நோக்கி வரும். அந்தக் குடாவில்தான் மகாவலி வந்து விழுகிறது, கண்டல் காடும் இறால் குஞ்சும் இருக்கின்றன. எந்தக் காற்றில் எங்கிருந்து எங்கே போகும் என்பது கரைவலைச் சம்மாட்டியாரிலிருந்து தூண்டிற்காரர் வரை இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சட்டத்தில் இருப்பது வேறொரு கணக்கு. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. பிற்காலத்தில் அதில் சேர்த்த ஒரு பிரிவின்படி, தேசிய ஒதுக்கு எதனதும் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் செய்யும் அபிவிருத்தி வேலைக்குத் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது தேசியப் பூங்கா போன்ற ஒதுக்குகளுக்கே பொருந்தும், சரணாலயங்களுக்குப் பொருந்தாது. பொருந்தும் இடத்திலும் அந்த ஒரு மைல் எல்லாத் திசையிலும் ஒரே மைல்தான். நீரோட்டத்துக்கு எதிர்ப்புறத்தில் அரை மைலே போதுமாயிருக்கலாம். நீரோட்டம் வரும் புறத்தில் முப்பது மைலும் போதாமலிருக்கலாம். நான் தம்பியிடம் மாமாவின் தாளைக் காட்டி, அதன் மேற்பாதியில் கடலைச் சேர்த்து வரைந்து தருமாறு கேட்டேன். அவர் இரண்டு அம்புக்குறிகளை இட்டார். வாடைக்கு ஒன்று, தென்மேற்குக் காற்றான சோளகத்துக்கு ஒன்று. பிறகு யோசித்து, வாடை அம்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். தீவின் முதுகுப்புறத்தில் தண்ணீர் சுழலும் இடத்தைத் தன் அப்பாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் வரைந்த அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஐந்தாம் நாள் – சுவாமிமலை

விடியற்காலைப் பூசைக்கு, திருகோணமலைச் சுவாமிமலையின் உச்சியிலுள்ள கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் வீதியோரத்தில் படுத்திருந்தன. பக்தர்கள் வீசும் பொலித்தீன் பைகளை அவை தின்பதைக் காண மனம் பொறுக்கவில்லை, இரண்டு பைகளை நானும் மாமியும் பொறுக்கி எடுத்தோம். பூசை முடிந்து மலையின் கடற்பக்க விளிம்புக்கு வந்தபோது, அங்கிருந்த தேங்காய்க்காரர் கிழக்கே கைநீட்டி, "அங்க பாருங்கோ, மூச்சு விடுது" என்றார். வெகு தொலைவில், நீர்மட்டத்திலிருந்து நேராக எழுந்து மெல்லக் கலைந்த ஒரு வெண்புகை. சில நிமிடம் கழித்து இன்னொன்று. நீலத் திமிங்கிலம். கரையில் நின்றபடியே அதைக் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று பாதாளமாக இறங்குவதால் திருகோணமலைக்கு அந்தப் பேறு கிடைத்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பேரரசுகளை இழுத்துவந்த அதே ஆழம்தான் திமிங்கிலத்தையும் கரைக்கு அருகே அழைத்து வருகிறது.

இந்தக் கடலின் அடியில் எண்ணெயும் வாயுவும் இருக்குமா என்று தேடும் முயற்சியும் நடந்திருக்கிறது. மன்னார்ப் படுகையில் 2011இல் கெயார்ன் நிறுவனம் டொராடோ, பரகூடா என்னும் இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. உற்பத்தி இன்றுவரை தொடங்கவில்லை. கிழக்கே ஜேஎஸ்5, ஜேஎஸ்6 என்னும் இரு பகுதிகளை ஆராய்வதற்கு 2016இல் டோட்டல் நிறுவனத்தோடு உடன்பாடு செய்யப்பட்டது. இங்கே இன்னும் கிணறு தோண்டப்படவில்லை.

கிணறு தோண்டுவதற்கு முன்பே திமிங்கிலத்துக்குத் துன்பம் தொடங்கிவிடும். கடலடிப் பாறையின் அமைப்பை அறிவதற்காக ஆய்வுக் கப்பல் அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கச் செய்து, எதிரொலியைப் பதிவுசெய்யும். சில விநாடிகளுக்கு ஒருமுறை, இரவு பகலாக, வாரக்கணக்கில் இது தொடரும். நீலத் திமிங்கிலங்கள் ஒன்றோடொன்று பேசுவது மிகத் தாழ்ந்த ஒலியில், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு. வெடிப்பின் ஆற்றலும் பெரும்பாலும் அதே தாழ்ந்த ஒலியில்தான் பரவுகிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாளல்ல, ஒரு பருவம் முழுவதும்.

ஆயினும் கடலில் மனிதன் தன் வழியை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு நம் தீவிலேயே ஒரு சான்று இருக்கிறது. தெற்கே மிரிஸ்ஸைக்கும் தெய்வந்துறைக்கும் அப்பால் உலகின் பெரும் கப்பற்பாதையும் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, கப்பல் மோதி அவை இறக்கின்றன. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அந்த வழியிலிருந்து ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே நகர்த்திக்கொண்டது. எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், ஆய்வாளர்கள் திமிங்கிலத்தின் இடத்தைக் கணக்கெடுத்துக் காட்டியதால் செய்த மாற்றம் அது. எண்ணெய் ஆய்வுக் கப்பலுக்கும், நாளை சீனக்குடாவுக்கு அடிக்கடி வரப்போகும் எண்ணெய்க் கப்பலுக்கும் இதே ஒழுங்கை முன்கூட்டியே விதிக்க முடியும். திமிங்கிலம் கரையோரமாக வரும் மாதங்களில் வெடிப்பு ஆய்வை நிறுத்தி வைக்க வேண்டும், பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் கப்பலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது. துறைமுகம் நம்முடையது.

மாலையில் நானா வந்திருந்தார். விறாந்தையில் தாளை விரித்து, நிலத்தின் புள்ளிகளுக்கு அருகே மாதங்களை எழுதினோம். ஆவணியா புரட்டாதியா என்று மாமாவும் அவரும் நெடுநேரம் வாதிட்டார்கள். கடைசியில் ஓராண்டு குளத்துக் கட்டு உடைந்த நாளை நினைவுகூர்ந்து புரட்டாதி என்று முடிவுசெய்தார்கள். மேற்குதத்தின் தென்மேற்கு மூலையில் மூன்று தடங்களும் ஒரே இடத்தில் சேர்வது அப்போதுதான் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. நானா அந்த மூலையில் விரலை வைத்தபடியே இருந்தார். "இதில வேலி போட்டா, அதுகள் ஊருக்குள்ளால தான் போகும்" என்றார்.

ஆறாம் நாள் – புறப்பாடு

வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நேற்றிரவு மறுபடியும் வாசித்தேன். தேசிய ஒதுக்கின் வகைகளில் தேசியப் பூங்கா, கடல் ஒதுக்கு, இடைவலயம் ஆகியவற்றோடு, காட்டு ஊடுவழி என்ற வகையும் இருக்கிறது. தடத்தையே பாதுகாப்பதற்கு என்று சட்டம் ஒரு பெயரை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அந்தத் தென்மேற்கு மூலைக்கும் கந்தளாய்ப் பக்கத்துக் காட்டுக்கும் இடையே அப்படியொரு ஊடுவழியை அறிவிக்குமாறு கேட்டு, தாளின் பிரதியோடு எழுத முடிவுசெய்திருக்கிறோம். மேற்குதத்தின் வேலைக்கான சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வந்தால், கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. 30 நாட்களில் ஓர் ஊரின் நினைவைத் திரட்டுவது கடினம். ஆகையால் இப்போதே தொடங்கியிருக்கிறோம். தம்பலகாமத்தில் வயல்காரர் இருவரிடம் மாமா பேசப்போகிறார், மூதூர்ப் பக்கத்துத் தடங்களை நானாவின் மருமகன் கேட்டு எழுதித் தருவார்.

இரவு ரயிலுக்காக நிலையத்தில் காத்திருந்தபோது நிலாவெளித் தம்பி தொலைபேசியில் அழைத்தார். தீவின் முதுகுப்புறத்துச் சுழியைப் பற்றி அப்பாவிடம் கேட்டுவிட்டதாகவும், வாடையில் அது மார்கழி நடுப்பகுதியில்தான் திரும்பும் என்று அப்பா சொன்னதாகவும், கேள்விக்குறியை அழித்துவிட்டு அப்படியே எழுதிக்கொள்ளுமாறும் சொன்னார். மடியில் தாளை விரித்து எழுதிக்கொண்டேன்.